பழைய லயத்து நிலத்தில் சமூகப் பசுமைக்குடில்: எதை முதலில் முடிவு செய்வது?

கித்தாநிழல் (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரின் ஓரத்தில், எங்கள் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) பழைய தோட்டச் சாலைக்கும் நடுவே, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலம் பல ஆண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. முன்பு அங்கே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் இருந்தன. தோட்டம் கைமாறிய பின் லயங்கள் இடிக்கப்பட்டு, குடியிருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பவை உடைந்த சிமெந்துத் தளங்களும், இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல்லும், ஓர் ஓரத்தில் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் முருங்கை மரங்களும், இரவில் யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும் பழைய மெத்தைகளும்தான்.

எங்கள் தாமானில் சுமார் 40 குடும்பங்கள் இந்த நிலத்தைச் சேர்ந்து பயன்படுத்த விரும்புகின்றன. பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் மண்ணை அறிந்தவர்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பதால் மாணவர்களையும் இதில் ஈடுபடுத்த முடியும் என்று நம்புகிறேன். நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் அமைப்பு இதுதான்: ஒரு பெரிய பசுமைக்குடில், அதன் கூரை நீரைச் சேர்க்கும் தொட்டிகள், நாற்றுக்கொட்டகை, உரக்குழி, சிறிய சூரிய மின்தகடு, குடும்பங்கள் கூடிப் பேசவும் காய்கறியைப் பங்கிட்டுக்கொள்ளவும் ஒரு திறந்த கொட்டகை. வெளியிலிருந்து வாங்கும் நீரும் மின்சாரமும் உரமும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்து, இறுதியில் அந்த இடம் தன் வருமானத்தாலேயே தன்னைப் பராமரித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இதை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது எதிலிருந்து தொடங்குவது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்துவிட்டது. கூரையை முதலில் போட்டால்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும் என்கிறார்கள் சிலர். நிலத்துக்கு ஒரு தாள் கையில் இல்லாமல் ஒரு கம்பத்தைக்கூட நடக்கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். கேமரன் மலையில் பார்த்ததைப் போன்ற பசுமைக்குடில் நம் ஊர் வெப்பத்தில் எப்படி இருக்கும், 40 குடும்பங்களுக்கு எவ்வளவு பரப்பு தேவை, எந்த அளவுக்குத் தன்னிறைவை எதிர்பார்க்கலாம் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் எங்கள் அடுத்த கூட்டத்துக்குப் பேருதவியாக இருக்கும்.

மழைக்கூரை (செம்மோர்) எழுதியது:

வணக்கம் ஆசிரியை. நான் செம்மோர்ப் பக்கம் மிளகாயும் கீரையும் கூரைக்கு அடியில் பயிரிட்டு விற்பவன். கூரையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கேமரன் மலையைப் பார்த்து வரைபடம் போடுவதை முதலில் விட்டுவிட வேண்டும். அங்கே பகலிலும் குளிர்ச்சி இருப்பதால் நெகிழிக் கூரை ஓரளவு மூடியிருந்தாலும் பயிர் தாங்கும். நம் சமவெளியில் வெளி வெப்பமே நண்பகலில் 32, 33 பாகையைத் தொடுகிறது. நான்கு பக்கமும் மூடிய குடிலுக்குள் அது 40 பாகையைத் தாண்டிவிடும், தக்காளி பூவை உதிர்த்துவிடும், கீரை வதங்கும், உள்ளே வேலை செய்பவரும் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார். குளிர்நாட்டுப் பசுமைக்குடில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்படுவது. நமக்கு வேண்டியது மழையின் அடியையும் பூச்சியையும் தடுத்து, வெப்பத்தை வெளியே விடும் கூரை. மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் இத்தகைய மழைக்காப்புக் குடில்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து பரப்பி வருகிறது. விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் அமைப்பைக் காட்டுவார்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் நான்கு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் வையுங்கள். கூரையின் உச்சியில் ஒரு பகுதியை இன்னொன்றின் மேல் சற்று உயர்த்தி, இடையே சூடான காற்று வெளியேற நீளமான திறப்பு விடுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே செல்கிறது. ஆகவே எந்தத் திசை நோக்கிக் கட்டுவது என்பதை வெயிலைவிடக் காற்றே முடிவு செய்ய வேண்டும். நீளப் பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்திருந்தால் விசிறி தேவையில்லை, விசிறி இல்லாவிட்டால் மின்சாரச் செலவில் பெரும்பகுதி இல்லை. புறஊதாக்கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் நெகிழித்தாள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நிற்கும். அதற்குள் பாசி படிந்து வெளிச்சம் குறையும், ஆண்டுக்கு இருமுறை கழுவ வேண்டும். தாளை மாற்றும் செலவை முதல் நாளிலிருந்தே சேமிப்பில் ஒதுக்கி வையுங்கள், ஏனெனில் இத்தகைய திட்டங்கள் பல முதல் கூரை கிழிந்த ஆண்டிலேயே நின்றுபோகின்றன. மேற்குக் கரையில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையிலிருந்து வரும் சுமத்ராக் காற்று ஒரே வீச்சில் கூரையைத் தூக்கிவிடும் வலிமை கொண்டது. கம்பங்களின் அடியைக் கான்கிரீட்டில் ஆழமாகப் பதிக்காமல் மண்ணில் ஊன்றி நிறுத்தினால் நிற்காது.

பூச்சிவலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளை ஈயைத் தடுக்கும் மிக நெருக்கமான வலை காற்றையும் தடுக்கும். எனவே அதை நாற்றுக்கொட்டகைக்கும் மிளகாய் நிற்கும் பகுதிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் சற்று அகலக் கண்ணுள்ள வலையைப் பயன்படுத்துங்கள். வலைக்குள் தேனீ வராது என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. பாகல், புடலை, பீர்க்கு, பூசணி ஆகியவை தேனீ போன்ற பூச்சிகள் வராமல் காய்க்காது. அவற்றைக் கூரைக்கு வெளியே பந்தலில் விடுவதுதான் முறை. கெலுலுட் என்னும் கொட்டாத சிறுதேனீயின் கூடுகள் ஓரிரண்டை அருகில் வைத்தால் பந்தலும் காய்க்கும், தேனும் கிடைக்கும். முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி எதற்கும் கூரை வேண்டியதில்லை. கூரைக்கு அடியில் இருக்க வேண்டியவை சாவி என்னும் கடுகுக்கீரை, சாலட் இலைகள், தண்டுக்கீரை, மிளகாய், தக்காளி போன்றவை மட்டுமே. அப்படிப் பிரித்தால் உங்கள் குடிலின் அளவு, அதனால் செலவும், பாதியாகக் குறையும்.

பரப்பைக் கணக்கிடுவோம். 40 குடும்பம் என்றால் 200 பேர் என வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் காய்கறி என்றால் 40 கிலோ, ஆண்டுக்கு 14,600 கிலோ. நன்கு பராமரிக்கப்படும் பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குப் பத்துக் கிலோ என்று திட்டமிட்டால், பாத்தி மட்டும் 1,460 சதுர மீட்டர். நடைபாதையையும் தொட்டியையும் சேர்த்தால் அரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆகவே காய்கறியில் தன்னிறைவு உங்கள் நிலத்தில் முடியக்கூடியது. அரிசி, பருப்பு, எண்ணெய் வெளியிலிருந்துதான் வரும். அதை மக்களிடம் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நீரில்தான் நமக்கு உண்மையான வசதி இருக்கிறது. பத்து மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளமுள்ள கூரையின் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர். நம் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும், சிதறலையும் வழிந்தோடுவதையும் கழித்து 3,20,000 லிட்டர் சேரும். அதன் அடியில் உள்ள 130 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 லிட்டர் போதும்; ஆண்டுக்கு 2,20,000 லிட்டர்தான் ஆகிறது. கூரை தன் பாத்திக்கு வேண்டியதைவிட அதிகமாகவே தருகிறது. சிக்கல் இடைவெளியில்தான்: இரண்டு வாரம் மழை இல்லாவிட்டால் சமாளிக்க 8,400 லிட்டர் கையிருப்பு வேண்டும். 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டிகள் பழையவை மலிவாகக் கிடைக்கின்றன. முன்பு அதில் என்ன இருந்தது என்று எழுத்தில் தெரியாமல் ஒன்றையும் வாங்காதீர்கள். உணவுப் பொருள் வந்த தொட்டியை மட்டும் எடுங்கள்.

நிலவரைவு (ஈப்போ) எழுதியது:

நண்பர் கூரையைச் சிறப்பாக விளக்கிவிட்டார். ஆனால் கூரைக்கு முன் நிலம். நான் நிலம் தொடர்பான அலுவலகப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காலியாகக் கிடக்கும் நிலம் என்று ஒன்று நம் நாட்டில் இல்லை. அது மாநில அரசுடையதாக இருக்கும், அல்லது ஏதேனும் ஒரு பொதுத் தேவைக்கு ஒதுக்கப்பட்ட ரிசாப் நிலமாக இருக்கும், அல்லது ஒரு நிறுவனத்தின் அல்லது தனியாரின் பெயரில் பட்டாவோடு இருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியும் வரை உங்கள் வரைபடத்துக்குப் பொருள் இல்லை. மாவட்ட நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து அதிகாரபூர்வ நிலத் தேடல் செய்யுங்கள். கட்டணம் சிறியது, பதில் எழுத்தில் வரும்.

மாநில நிலமோ ரிசாப் நிலமோ என்றால், 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் 65ஆம் பிரிவின்கீழ் நாம் டி.ஓ.எல். என்று சொல்லும் தற்காலிக அனுபோக உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதன் இயல்பை நீங்கள் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். அது வழங்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் 31க்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது. தனி ஒருவர் பெயரில் எடுத்தால் அவர் இறக்கும் நாளில் அதுவும் முடிந்துவிடும். தலைவர் நல்லவர், ஊருக்குப் பெரியவர் என்பதற்காக உரிமத்தை அவர் பெயரில் எடுத்துவிட்டு, அவர் மறைந்ததும் பிள்ளைகளும் உறுப்பினர்களும் அலுவலகத்துக்கு வந்து நின்ற காட்சியைப் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய முடியும். முதலில் சங்கம், பிறகு சங்கத்தின் பெயரில் விண்ணப்பம்.

இதிலிருந்து கூரையின் வடிவத்துக்கும் ஒரு நிபந்தனை பிறக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் உரிமத்தின் மேல் நிலையான கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே துத்தநாகம் பூசிய இரும்புக் (ஜி.ஐ.) குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைக்காமல், கிளிப்பாலும் போல்ட்டாலும் இணைத்து, கழற்றி வேறிடத்தில் நிறுத்தக்கூடியதாகக் கட்டுங்கள். நண்பர் சொன்ன கான்கிரீட்டைத் தனித்தனிக் கட்டிகளாக வார்த்து, கம்பத்தை அதில் போல்ட்டால் பொருத்தலாம்; காற்றையும் தாங்கும், தேவைப்பட்டால் கட்டியையும் தோண்டி எடுத்துச் செல்லலாம். உள்ளாட்சி மன்றத்தில் தற்காலிகக் கட்டட அனுமதியையும் கேளுங்கள். நிலம் போனாலும் குடில் உங்களுடையதாக இருக்கும்.

தனியார் நிலம் என்றால் உரிமையாளரோடு எழுத்து ஒப்பந்தம். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகை உடன்பாட்டுக்கு நில அலுவலகத்தில் பதிவு கட்டாயமில்லை. அதற்கு மேற்பட்டது குத்தகையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். மின்கம்பித் தடத்தின் கீழ் என்றால் உயரமான எதையும் நிறுத்த முடியாது, பாத்திகள் மட்டுமே. கோலாலம்பூரில் பங்சார் பகுதியில் 2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் அத்தகைய உயர் அழுத்த மின்தடத்தின் அடியில் அமைந்த சமூகத் தோட்டம்தான். போய்ப் பார்த்து வாருங்கள். ஆற்றோரம் என்றால் வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் கருத்தையும் கேட்பார்கள்.

இன்னொன்று. பல ஆண்டு பயிரிட்டுவிட்டால் நிலம் நமக்கே வந்துவிடும் என்று கோயில் நிலங்கள் தொடங்கிப் பலவற்றிலும் நம் மக்கள் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். நம் நிலச் சட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை, அரசு நிலத்திலும் இல்லை, தனியார் நிலத்திலும் இல்லை. வேலிக்கு முன் தாள் என்று சொன்னவர்கள் சொன்னதுதான் சரி.

கித்தாநிழல் எழுதியது:

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கழற்றி எடுக்கக்கூடிய குடில் என்பது எங்கள் இரு தரப்பையும் ஒன்றாக்கிவிடும் என்று நினைக்கிறேன், ஏனெனில் நிலத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் ஒருவருடைய வீட்டு ஓரத்தில் சிறிய குடிலைக் கட்டிப் பழகலாம்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. இளைஞர்கள் திலாப்பியா மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கும் அமைப்பை விரும்புகிறார்கள். மீனின் கழிவே உரமாவதால் வெளி உரம் தேவைப்படாது என்பது அவர்களின் வாதம். அடுத்து, லயம் இருந்த மண்ணில் நேரடியாகப் பயிரிடலாமா? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அது நல்ல மண் என்று உறுதியாகச் சொல்கிறார்கள்.

முன்னாள் கிராணி (பீடோர்) எழுதியது:

அன்புள்ள ஆசிரியைக்கு, மண்ணைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், ஏனென்றால் தோட்டத்து ஸ்டோரில் எந்த மருந்து எவ்வளவு வந்தது, எங்கே அடிக்கப்பட்டது என்று பேரேட்டில் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ரப்பர் தோட்டங்களில் லாலாங்கை ஒழிக்க முற்காலத்தில் சோடியம் ஆர்சனைட்டைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். அது ஆர்சனிக் கலந்த நஞ்சு. செடிக்கொல்லிகளில் பல மக்கி அழிந்துபோகும், ஆனால் ஆர்சனிக் ஒரு தனிமம் என்பதால் அழியாது, மேல் மண்ணில் களியோடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு பல தலைமுறை இருக்கும். பின்னர் வந்த பாராகுவாட்டை அரசு 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. அது கையாளுபவருக்குக் கொடியது என்றாலும், களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொள்வதால் பயிருக்குள் ஏறுவது குறைவு. எனவே உங்கள் கவலை பழைய ஆர்சனிக்கைப் பற்றியதாக இருக்க வேண்டும், குறிப்பாக ஸ்டோர் இருந்த இடம், மருந்து கலக்கிய தண்ணீர்த்தொட்டி இருந்த இடம், தெளிப்பான்களைக் கழுவிய கால்வாய் ஓரம். லயம் இருந்த இடத்தில் வேறு கவலைகள்: பழைய பெயின்டிலிருந்து உதிர்ந்த ஈயம், உடைந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரைத் துண்டுகள். அந்தக் கூரைத் துண்டுகளைப் பிள்ளைகள் பொறுக்கக்கூடாது. நனைத்து, முகக்கவசத்தோடு, பெரியவர்கள் பொறுக்கித் தனிப் பையில் கட்டி, உள்ளாட்சி மன்றத்திடம் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

பழைய ஆட்களை அழைத்து நிலத்தைச் சுற்றி நடக்கச் செய்து, எங்கே எது இருந்தது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயக்கொட்டகை எங்கே, காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களம் எங்கே, ஸ்டோர் எங்கே என்று அவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். அந்த வரைபடத்தை வைத்து ஒவ்வொரு பகுதியிலும் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, பகுதிவாரியாகக் கலந்து, தனித்தனிப் பைகளில் கொடுங்கள். அமிலத்தன்மையையும் சத்தையும் விவசாய இலாகா பார்க்கும்; ஆர்சனிக், ஈயம், காட்மியம் ஆகியவற்றுக்குத் தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கும். முடிவு வரும் வரை தரைக்கு மேல் கட்டிய பாத்தியில், வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணில் பயிரிடுங்கள். நம் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. சுண்ணாம்பு போடாமல் கீரை எழும்பாது. சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளை நடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன் கிளறிவிடுவது வழக்கம்.

உரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் பழத்தைப் பிரித்த பின் மிஞ்சும் வெற்றுக் குலையில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆலைகள் பல அதைத் தம் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவதால் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். கிடைத்தால் அதை நறுக்கி, கோழி எரு அல்லது ஆட்டுப் புழுக்கையோடும், 40 வீட்டு அடுப்படிக் கழிவோடும் அடுக்கடுக்காகப் போட்டு, வாரம் ஒருமுறை புரட்டினால் சில மாதங்களில் கறுத்து மணமற்ற எருவாகும். ஆனால் புரட்டாமல் குவித்து வைக்காதீர்கள். குலைக் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். சுற்றுவட்டாரத் தென்னைக்கும் இளம் செம்பனைக்கும் அது பெரும் கேடு. அண்டை வீட்டார் முதல் சண்டையை அதற்காகத்தான் போடுவார்கள். புரட்டும்போது கட்டைவிரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

நம் வட்டாரத்தில் இன்னொரு செல்வம் ரப்பர் மரத்தூள். சிப்பிக் காளான் அதில்தான் வளர்க்கப்படுகிறது. காளானுக்கு வெயில் வேண்டாம், புளியமரத்து நிழலில் ஒரு கொட்டகை போதும். அறுவடை முடிந்த மரத்தூள் கட்டிகள் உரக்குழிக்குப் போகும். பணம் முதலில் வருவது கீரையிலிருந்து அல்ல, காளானிலிருந்தாக இருக்கும் என்பது என் எண்ணம்.

தாமான் மல்லிகை (சுங்கை பட்டாணி) எழுதியது:

வணக்கம் சகோதரி. எங்கள் தாமானில் பெண்கள் குழுவாக ஒரு சிறிய தோட்டத்தை நடத்துகிறோம். ஐயாக்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதுவரை யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். நோன்புப் பெருநாள் விடுமுறையில், தைப்பூசத்துக்கு ஊரே பத்துமலைக்கோ பினாங்குக்கோ போயிருக்கும் நாளில், தீபாவளி வாரத்தில், தண்ணீர் விடப்போவது யார்? நாற்று ஒரு நண்பகல் காய்ந்தால் போதும், மூன்று வார உழைப்பு போய்விடும்.

குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் மாதம் எல்லாப் பாத்தியும் பச்சையாக இருக்கும். பிறகு ஐந்தாறு பாத்தியில் களை மண்டும், அதில் பூச்சி பெருகும், பக்கத்துப் பாத்திக்காரர் மனம் வெறுப்பார். வேலையைப் பிரியுங்கள், நிலத்தைப் பிரிக்காதீர்கள். நாற்றுக்கு ஒரு குழு, உரக்குழிக்கு ஒரு குழு, நீருக்கு ஒரு குழு, விற்பனைக்கு ஒரு குழு என்று வைத்து, உழைத்த மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி, அறுவடையை அந்தக் கணக்கின்படி பங்கிடுங்கள். உடலால் உழைக்க முடியாத முதியவர்கள் விதை பிரிக்கலாம், கட்டுக் கட்டலாம், கணக்கு எழுதலாம்; அதற்கும் மணி உண்டு. தினமும் காலையும் மாலையும் வந்து பார்க்க ஓர் இளைஞருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். அந்தச் சம்பளம் வரவிலிருந்து கிடைக்கும் அளவுக்குத் திட்டம் வளர்ந்தால்தான் உங்கள் இடம் தன்னைத் தானே தாங்குகிறது என்று பொருள். இலவச உழைப்பை மட்டும் நம்பிய எதுவும் இரண்டாவது ஆண்டைத் தாண்டுவதில்லை.

விற்பதற்கு, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சாவிக்கும் கங்கோங் கீரைக்கும் போட்டி அதிகம், விலையும் விழுந்துவிடும். நம்மிடம் மட்டும் தரமாகக் கிடைப்பவற்றை விற்கலாம்: மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, முருங்கைக் கீரை, கறிவேப்பிலை, வெற்றிலை, துளசி. கோயில் விசேடங்களுக்கும் திருமணங்களுக்கும் வாழை இலைக்கும் மாவிலைக்கும் எப்போதும் தேவை இருக்கிறது. நாட்டு வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை ஆகியவற்றின் விதையை ஒவ்வொரு பருவத்திலும் நீங்களே எடுத்து வையுங்கள். கடையில் வாங்கும் கலப்பின விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே காய் வராது.

நிறுவனமாக வளர விரும்பினால் சங்கத்துக்கு அடுத்த படி கூட்டுறவு. உங்கள் ஊருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கும்படி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அந்தப் பெரியவர்கள் அன்று சேர்த்ததோடு ஒப்பிட்டால் 40 குடும்பம் மாதம் 10 வெள்ளி சேர்ப்பது எளிது. கூரையின் தாளை மாற்றும் நிதிக்கு அதுவே போதும்.

மழைக்கூரை எழுதியது:

சகோதரி சொன்ன மணிக்கணக்கு நோட்டை நானும் வழிமொழிகிறேன். மீன் கேள்விக்கு வருகிறேன்.

ஆசிரியை, முதல் ஆண்டில் மீனையும் கீரையையும் ஒரே சுழல் நீரில் இணைக்க வேண்டாம். மீனின் கழிவு உரமாவது உண்மைதான், ஆனால் அந்தக் கழிவு மீன் தின்ற தீவனத்திலிருந்து வருவது, தீவனம் கடையிலிருந்து வருவது. வெளி உரத்தை நிறுத்திவிட்டு வெளித் தீவனத்தை வாங்குவதுதான் அதில் நடக்கும். மேலும், நம் ஊரில் மாலை இடிமழையில் மின்சாரம் நின்று, காற்றூட்டும் இயந்திரமும் நின்றால் நெருக்கமாக வளர்க்கப்பட்ட திலாப்பியா சில மணி நேரத்திலேயே மிதந்துவிடும். இளைஞர்கள் மனம் சோர்ந்துபோகும்படி அதைத் தொடக்கத்திலேயே நடக்கவிடக்கூடாது. மீன் வேண்டுமென்றால் கெலி (கெளுத்தி) வளர்க்கச் சொல்லுங்கள். அது மேற்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கும் மீன், மின்தடையைத் தாங்கும். தொட்டி நீரை மாற்றும்போது வெளியேறும் நீரை வாழைக்கும் பந்தல் கொடிகளுக்கும் பாய்ச்சுங்கள், பச்சையாகத் தின்னும் இலைகளுக்கு வேண்டாம்.

நீரைப் பாய்ச்ச மின்சாரமே தேவையில்லாத வழியும் இருக்கிறது. கூரையின் வடிகுழாய் நேராக உயரத்தில் உள்ள தொட்டிக்குள் விழும்படி வைத்தால், ஒவ்வொரு மீட்டர் உயரமும் 0.1 பார் அழுத்தம் தரும். இரண்டு மீட்டர் மேடையில் வைத்த தொட்டி, பத்து மீட்டர் நீளத்துக்கு மிகாத பாத்திகளில் தாழ்அழுத்தச் சொட்டுக்குழாய்க்குப் போதும். பக்கவாட்டில் நான்கு மீட்டர் உயரம் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிச் செய்தால் சூரிய மின்தகடு நாற்றுக்கொட்டகையின் சிறு பம்புக்கும் விளக்குக்கும் மட்டும் போதும், பெரிய மின்கலம் வாங்க வேண்டாம். ஆனால் 1,000 லிட்டர் நீர் ஒரு டன் எடை. பழைய பலகைகளால் மேடை கட்டக்கூடாது, அதன் அடியில் பிள்ளைகள் விளையாடும் வழியும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு மழையிலும் கூரையைக் கழுவி வரும் முதல் நீரைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிட்டு, பிறகு தொட்டிக்கு விடுங்கள். மூடியிலும் வழிகுழாயிலும் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரி அபராதம் விதிக்க முடியும், பள்ளிப் பிள்ளைகள் வரும் இடத்தில் டிங்கி வந்தால் திட்டமே நின்றுவிடும்.

வீட்டு ஓரத்தில் பழகுவதற்கு ஆறு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளத்தில் ஒரு கூரையும் இரண்டு தொட்டியும் போதும். அந்தப் பாத்திக்குப் பத்து நாள் நீர் அதில் நிற்கும். நிலத்தின் தாள் வந்த பிறகு அதே குழாய்களைக் கழற்றிக் கொண்டுபோய் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பத்து மீட்டர் நீட்டும்போதும் இன்னும் இரண்டு தொட்டியைச் சேருங்கள்.